நெல்லைச் சீமையில் அயல் ஊடுருவிகள்: இணையப் பதிவேடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமிரபரணிப் பாசனத்திலும் அதைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களிலும் பரவிவரும் அயல் செடிகள், மீன்கள், பூச்சிகளைப் படம்பிடித்து, பெயர் கண்டுபிடித்து, வரைபடத்தில் குறித்து வைக்கத் தமிழில் ஓர் இணையப் பதிவேட்டை உருவாக்கி வருகிறோம். நாங்கள் சிறிய குழு. கணினி வேலை தெரிந்தவர்கள் சிலர், விவசாயிகள் சிலர், பள்ளி கல்லூரி ஆசிரியர்கள் சிலர். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களும் தூத்துக்குடி மாவட்டத்தின் ஆற்றுப்பகுதியும் எங்கள் எல்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசியபோது திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாமே ஊடுருவியா?

இல்லவே இல்லை. மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். நம் சாலையோரத்துப் புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. நட்ட இடத்தில் நின்று பலன் தருகிற இவற்றின் மேல் நமக்கு எந்த வழக்கும் கிடையாது.

மனிதர் கொண்டுவந்த பிறகு மனிதரின் உதவி இல்லாமலே பெருகி, ஏற்கனவே இருக்கும் உயிர்களை நெருக்கி, நீரையும் நிலத்தையும் பிழைப்பையும் கெடுப்பதைத்தான் அயல் ஊடுருவி என்கிறோம். 2023-இல் ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அறிவியல் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் சொந்த மண்ணை விட்டுப் பிற இடங்களில் நிலைபெற்றுவிட்டன என்கிறது. அவற்றில் கேடு செய்பவை 3,500-க்கு மேல். ஏறத்தாழப் பத்தில் ஒன்று. அந்த ஒன்றைச் சரியாகக் கண்டுகொள்வதுதான் இந்தப் பதிவேட்டின் வேலை. மற்ற ஒன்பதையும் சேர்த்து விரட்டக் கிளம்பினால் நமக்குத்தான் நட்டம்.

இப்போது எவற்றையெல்லாம் பதியலாம்?

செடிகளில் சீமைக்கருவேலம், உன்னிச்செடி, நீரில் மிதக்கும் அமலை, பார்த்தீனியம், நெய்வேலிக் காட்டாமணக்கு. மீன்களில் ஆப்பிரிக்கக் கெளுத்தி, ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் சக்கர் மீன், ஜிலேபி கெண்டை. தோட்டத்துப் பூச்சிகளில் தென்னைச் சுருள் வெள்ளை ஈ, பப்பாளி மாவுப்பூச்சி, மக்காச்சோளப் படைப்புழு. அப்புறம் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. பட்டியலில் இல்லாத ஒன்றைப் பார்த்து, ‘இது நம் ஊர்ப் பொருள் மாதிரி இல்லையே’ என்று தோன்றினாலும் தயங்காமல் பதியுங்கள். எங்களுக்கு அந்த வகைப் பதிவுதான் மிகவும் வேண்டியது. ஏற்கனவே நிறைந்துவிட்டதை எல்லோரும் பார்ப்பார்கள். புதிதாக வந்திறங்கியதை ஓரிருவர்தான் கவனிப்பார்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி பெரிய தளங்கள் இருக்கும்போது இது எதற்கு?

அவற்றுக்குப் போட்டியாக இதைச் செய்யவில்லை. 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் படிப்புத் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்டில் இன்று உலகம் முழுவதிலிருந்தும் உயிரினப் படங்கள் குவிகின்றன. நம் நாட்டிலேயே இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இருக்கிறது. இரண்டையும் நாங்கள் பயன்படுத்துகிறோம், உங்களையும் பயன்படுத்தச் சொல்கிறோம். எங்களிடம் சரிபார்க்கப்பட்ட பதிவுகள், பதிந்தவர் சம்மதித்தால், அங்கேயும் போய்ச் சேரும்படிதான் கட்டமைக்கிறோம்.

ஆனால் அவற்றில் இல்லாத சில எங்களுக்குத் தேவைப்பட்டன. ‘கன்னடியன் கால்வாயின் எத்தனையாவது மடை?’, ‘குளத்தின் மறுகால் பக்கமா, மடைப் பக்கமா?’, ‘கார் சாகுபடியிலா, பிசானத்திலா?’ (நம் இரண்டு நெல் பருவங்கள்) போன்ற கேள்விகளுக்குப் பொதுத் தளத்தில் இடம் கிடையாது. நம் ஊரில் ஒரு களைச் செடியின் பயணத்தைத் தீர்மானிப்பவை இவைதான். தண்ணீர் ஒரு குளத்தின் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் போகிறது, விதையும் கூடவே போகிறது. எந்தக் குளம் மேலே, எந்தக் குளம் கீழே என்று பதிவேட்டுக்குத் தெரிந்திருந்தால், மேலே ஒரு பதிவு வந்ததுமே கீழ்க்குளத்துக்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிட முடியும். இந்தப் பகுதியை இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறோம். குளங்களின் தொடர்ச்சியைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வரைகிறோம்.

படத்தைப் பார்த்து செயலி சொல்லும் பெயரை அப்படியே நம்பலாமா?

நம்பக்கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் இதில் ஒரு பெரிய தவறு செய்தோம்.

பெயர் சொல்லும் செயலிகள் எல்லாம் ஏற்கனவே பெயரிடப்பட்ட படங்களைப் பார்த்துப் பழகியவை. எந்தச் செடிக்கு உலகில் அதிகப் படங்கள் இருக்கின்றனவோ அதன் பக்கம் சாய்வது அவற்றின் இயல்பு. சீமைக்கருவேலம் பல கண்டங்களில் பரவிக் கிடப்பதால் அதன் படங்கள் ஏராளம். நம் குளக்கரையில் நிற்கும் வன்னிக்கும் உடைக்கும் அவ்வளவு படங்கள் இல்லை. மூன்றுக்கும் முள் உண்டு, மூன்றுக்கும் சின்னச் சின்ன இலைகள். தூரத்திலிருந்து எடுத்த படம் என்றால் செயலி சீமைக்கருவேலம் என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம்.

எங்கள் தொடக்க நாட்களில் வரைபடத்தில் செயலி சொன்ன பெயரையே நேரடியாகச் சிவப்புப் புள்ளியாகக் காட்டினோம். ஒரு கிராமத்தில் அதைப் பார்த்து நல்ல எண்ணத்தோடு மரம் வெட்டும் வேலையில் இறங்கினார்கள். வெட்டியவற்றில் இரண்டு வன்னி மரங்களும் இருந்தன. பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “வன்னிய வெட்டிப் போட்டீங்களேய்யா” என்று மட்டும் சொன்னார். அந்த மரங்களின் வயது அவருக்கே தெரியவில்லை. வெட்டியவர்கள் மேல் குற்றமில்லை, சரிபார்க்காத பெயரை உறுதியான பெயர்போலக் காட்டிய எங்கள் மேல்தான்.

அன்றிலிருந்து செயலி தரும் பெயர் வெறும் யோசனை மட்டுமே. சரிபார்க்கும் வரை புள்ளி சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். ஒருவர் உறுதிசெய்தால் மஞ்சள், இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால்தான் சிவப்பு. சிவப்புப் புள்ளியைத் தவிர வேறெதையும் நம்பிக் கத்தியை எடுக்க வேண்டாம்.

சரி, சீமைக்கருவேலத்தை மற்றவற்றிலிருந்து எப்படிப் பிரித்துச் சொல்வது?

பூவையும் காயையும் பாருங்கள். சீமைக்கருவேலத்தின் பூ, பச்சை கலந்த மஞ்சளில் விரல்போல நீண்ட கதிராகத் தொங்கும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. உடைக்குப் பூ வெள்ளை உருண்டை. காய் என்று பார்த்தால், நாட்டுக் கருவேலங்காய் மணிமாலைபோல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். உடையின் காய் வளைந்து சுருண்டிருக்கும். சீமைக்கருவேலங்காய் அப்படி இடுங்காமல் நீண்டு, பழுத்தால் மஞ்சளாகி, சதை இனிக்கும். ஆடுமாடுகள் விரும்பித் தின்பது அந்த இனிப்புக்காகத்தான்.

வன்னியிடம் முள்ளைக் கவனிக்க வேண்டும். சீமைக்கருவேலத்தில் முட்கள் இலை கிளம்பும் கணுவில், பெரும்பாலும் இணையாக இருக்கும். வன்னியின் முள் குட்டையாக, கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டில் அங்குமிங்குமாகச் சிதறி இருக்கும். உடை மரத்தைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம், விரித்த குடைபோல மேற்பரப்பு தட்டையாக இருக்கும்.

எப்படிப் படம் எடுத்தால் உங்களால் பெயர் சொல்ல முடியும்?

ஒரே படம் போதாது. செடி என்றால் முழு உருவம் ஒன்று, இலையின் இரு பக்கமும், பூ, காய், தண்டு அல்லது முள். அளவு தெரிய ஒரு பேனாவோ நாணயமோ அருகில் இருக்கட்டும். இலையைக் கையில் பிடித்து வெயிலில் காட்டி எடுப்பதைவிட, நிழலில் வைத்து எடுத்தால் நரம்பு தெளிவாகத் தெரியும்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதில் பதிந்திருக்கும் இடமும் நேரமும் அழிந்துவிடும். இதனால் மட்டுமே நல்ல பதிவுகள் பல வீணாகின. நேராகப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப் தவிர வழியில்லை என்றால் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள், தகவல் அப்படியே வரும்.

பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொட வேண்டாம், பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும். ராட்சத நத்தையையும் அப்படித்தான். எலிகளின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவை அது சுமந்திருக்கக்கூடும், மனிதருக்குத் தொற்றினால் மூளையைப் பாதிக்கும். குழந்தைகளிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் அதை வேறு பெயரில் சொல்வோம். எந்தப் பெயரில் பதிவது?

உங்கள் ஊர்ப் பெயரிலேயே பதியுங்கள். அறிவியல் பெயரைச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. பதிவேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஆற்றில் மிதக்கும், ஊதாப் பூப் பூக்கும் செடியை நம் பக்கம் அமலை என்கிறோம். பத்திரிகைகளில் அது ஆகாயத்தாமரை. வேறு மாவட்டங்களில் வெங்காயத்தாமரை, இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பியிருப்பதால். ஆனால் பழைய மூலிகை நூல்களில் ஆகாயத்தாமரை என்றால் வேறு செடி. முட்டைக்கோசுபோல இலைகள் வட்டமாக அடுக்கி, மேலே வெல்வெட்போல மெல்லிய முடியோடு மிதப்பது. ஒருவர் ‘ஆகாயத்தாமரை’ என்று மட்டும் எழுதி, படமும் மங்கலாக இருந்தால் எது என்று சொல்லவே முடியாது.

நெய்வேலிக் காட்டாமணக்கு ஆமணக்கின் உறவே இல்லை, சர்க்கரைவள்ளியின் குடும்பம். ஜிலேபி கெண்டை என்கிறோமே, அது கெண்டை அல்ல, ஆப்பிரிக்காவின் திலேப்பியா. சீமைக்கருவேலத்துக்கு வேலிக்காத்தான், சீமை உடை என்றும் பெயர்கள். சில ஊர்களில் பேச்சு வழக்கில் ‘சீமை’ உதிர்ந்து, வெறும் ‘உடை’ என்றே சொல்கிறார்கள். நம் சொந்த மரமான உடைக்கு அதைவிட ஆபத்தான பெயர்க் குழப்பம் வேறு வேண்டாம்.

அதனால் பதிவேட்டில் ஒவ்வொரு உள்ளூர்ப் பெயரும் அது சொல்லப்பட்ட ஊரோடு சேர்த்து வைக்கப்படுகிறது. எந்தப் பெயரைத் தட்டித் தேடினாலும், அந்தப் பெயரால் அழைக்கப்படும் எல்லாச் செடிகளும் படத்தோடு வரும். ‘சீமைக்கருவேலம்’, ‘சீமை கருவேல’, ‘சீமக்கருவேலம்’ என்று எப்படி எழுதினாலும் தேடல் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே பல வாரம் உழைத்திருக்கிறோம். எழுத்துப் பிழைக்குப் பயந்து யாரும் பதியாமல் போய்விடக் கூடாது.

மாஞ்சோலை, காரையாறு பக்கம் சிக்னல் கிடைக்காதே?

சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து வருவது, செல்போன் கோபுரத்திலிருந்து அல்ல. இணையம் இல்லாத இடத்தில் முதல்முறை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம், திறந்த வெளியில் பொறுமையாக நின்றால் போதும். பதிவு உங்கள் போனிலேயே காத்திருந்து, அம்பாசமுத்திரமோ கல்லிடைக்குறிச்சியோ வந்து சிக்னல் கிடைத்ததும் தானாக ஏறிவிடும்.

ஆனால் கோபுரத்தை வைத்து மட்டும் போன் இடத்தை ஊகிக்கும்போது தவறு சில கிலோமீட்டர் வரை போகும். பதியும்போது ‘துல்லியம்’ என்ற இடத்தில் 20 மீட்டருக்குள் காட்டுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, காப்புக்காட்டுக்குள்ளோ களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள்ளோ பதிவுக்காக யாரும் அனுமதியின்றி நுழைய வேண்டாம். சாலையிலிருந்தும் கோயிலுக்குப் போகும் வழியிலிருந்தும் தெரிவதே போதும்.

எங்கள் குளத்தில் அமலையே இல்லை. அதில் பதிய என்ன இருக்கிறது?

இருக்கிறது, ‘பார்த்தேன், இல்லை’ என்பதும் ஒரு பதிவுதான். தயவுசெய்து இதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள்.

இருக்கிற இடங்களை மட்டும் குறித்தால் கிடைப்பது செடியின் வரைபடம் அல்ல, நாம் நடந்துபோன பாதையின் வரைபடம். எங்கள் முதல் வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் சாலையோரமாகவே வரிசைகட்டி நின்றன. சாலைக்கு அப்பால் செடி இல்லையா, இல்லை அங்கே யாருமே போகவில்லையா? சொல்லத் தெரியவில்லை. தை மாதம் குளக்கரை முழுக்கச் சுற்றி ‘இல்லை’ என்று ஒருவர் பதிந்து, அடுத்த ஆடியில் அதே குளத்தில் ஒரு செடி தென்பட்டால், இடைப்பட்ட மழையில்தான் வந்தது என்று தெரிந்துவிடும். அப்போது மேலே உள்ள குளத்தைத் தேடிப் போகலாம். வந்த சில மாதத்தில் பிடித்தால் நாலு பேர் ஒரு காலையில் அள்ளிவிடலாம். சாதகமான சூழலில் அமலை இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகக் கூடியது. பூத்து விதை விழுந்துவிட்டால் அந்த விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

இதற்கு நம் ஆற்றிலேயே முன்மாதிரி உண்டு. மணிமுத்தாறில் இயங்கும், ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலர்களைச் சேர்த்துத் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. அதே குளங்கள், அதே மாதம், வருடா வருடம். அந்த ஒழுங்குதான் எங்களுக்கும் வேண்டும்.

செயற்கைக்கோள் படத்திலேயே எல்லாம் தெரியுமே, மனிதர்கள் எதற்கு?

ஓரளவு தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை நம் மேலே வந்து போகின்றன, படங்கள் இலவசம். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். சித்திரை வைகாசியில் மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும்போது சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும், அதனால் கோடைப் படத்தில் அதன் புதர்க்காடுகளை ஓரளவு பிரித்துவிடலாம். அணைக்கட்டுகளில் தேங்கும் அமலையும் தண்ணீரின் நடுவே பச்சையாகத் தெரியும். மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் அது எப்போது கூடுகிறது, எந்த வெள்ளத்தில் அடித்துப் போகிறது என்று பின்னோக்கிப் பார்க்க இந்தப் படங்கள் உதவுகின்றன.

ஆனால் 10 மீட்டர் புள்ளிக்குள் ஒரு கன்று முளைத்ததை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. மேலே இருந்து தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிட்டால், கையால் பிடுங்கும் காலம் போய்விட்டது என்று அர்த்தம். மரநிழலில் பரவும் உன்னியும் அவ்வளவாகத் தெரியாது. மீனையும் பூச்சியையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வலையில் விசித்திரமான மீன் ஒன்று சிக்கியது. என்ன செய்வது?

முதலில் படம். பக்கவாட்டில் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று, தலையை நேர் மேலிருந்து ஒன்று. உடல் முழுக்கக் கெட்டியான தகடு அடித்ததுபோல் இருந்து, வாய் கீழ்ப்பக்கம் உறிஞ்சும் வடிவில் இருந்தால் அது சக்கர் மீன், சொந்த ஊர் தென் அமெரிக்கா. தொட்டி சுத்தம் செய்ய வாங்கி, பெரிதானதும் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அதன் முட்கள் வலையைக் கிழிக்கும். முட்டையிடக் கரையில் பொந்து தோண்டும். வயிற்றிலுள்ள புள்ளிகளின் அமைப்பை வைத்துத்தான் எந்த வகை என்று சொல்ல முடியும்.

கெளுத்தியில் கவனம் வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது, இருந்தும் பண்ணைகளிலிருந்து தப்பி ஆற்றுக்கு வந்துவிடுகிறது. அது ஒரு மீட்டருக்கு மேலும் வளரும், கண்ட மீனையும் தின்னும். நாட்டுக் கெளுத்தி ஒன்றரை அடிக்கு மேல் வளர்வது அரிது. சின்னதாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்பதால்தான் தலையின் மேற்படம் கேட்கிறோம். நாட்டுக் கெளுத்தியே குறைந்துவரும் காலம் இது. பெயர் உறுதியாகாமல் கொல்ல வேண்டாம், தண்ணீருள்ள தொட்டியில் வைத்துவிட்டுக் கேளுங்கள். சக்கர் மீன் என்று உறுதியானால் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள்.

தோட்டத்துப் பூச்சிக்குப் பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது? மருந்தடித்தால் போதாதா?

பெயர் தெரிந்ததால் தமிழ்நாடு பிழைத்த கதை ஒன்று இருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளியில் ஒரு புதிய மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளையாகப் பூத்துக் காய்ந்தன. என்ன மருந்தடித்தாலும் மெழுகுப் பூச்சு காப்பாற்றியது. அது மெக்சிகோ, நடு அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி என்று பெயர் உறுதியான பிறகுதான், அதன் எதிரி யார் என்று தேட முடிந்தது. 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து வளர்த்துத் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. பெயர் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் எதிரி தெரியும்.

தென்னையிலும் அப்படித்தான். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டையிடும். அதற்குக் கீழே உள்ள ஓலைகளின் மேற்பரப்பில் கரி பூசியதுபோல் கருப்புப் பூஞ்சணம் படரும். கடையம், தென்காசிப் பக்கத் தோப்புக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இதற்கும் என்கார்சியா என்ற குளவி எதிரி. கண்மூடித்தனமாக மருந்தடித்தால் ஈயைவிடக் குளவிதான் முதலில் சாகும்.

சங்கரன்கோவில் பக்கம் மக்காச்சோளம் போடுபவர்கள் படைப்புழுவின் தலையைப் பாருங்கள், தலைகீழான ‘ஒய்’ எழுத்துபோல வெளிர் கோடு இருக்கும். வால் பக்கம் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். 2018-இல் கர்நாடகத்தில் முதலில் பார்த்த புழு இது. பூச்சிப் பதிவுகளை வேளாண் துறைக்கும் சொல்லுங்கள். ஒன்றிய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்புச் செயலியும் இருக்கிறது.

என் நிலம் வரைபடத்தில் தெரிந்தால் வம்பு வராதா?

நியாயமான பயம். சீமைக்கருவேலத்தை அகற்றுவது தொடர்பாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்கு போயிருக்கிறது, அப்போதே பட்டா நிலக்காரர்கள் பலர் கவலைப்பட்டார்கள். அதனால் தனியார் நிலத்துப் பதிவுகளை ஒரு கிலோமீட்டர் கட்டமாகத்தான் வெளியே காட்டுகிறோம். துல்லியமான இடம் உங்களுக்கும் சரிபார்ப்பவருக்கும் மட்டும் தெரியும். உங்கள் பெயரும் எண்ணும் வெளியே வராது. பதிவை எப்போது வேண்டுமானாலும் நீங்களே நீக்கலாம். படத்தில் ஆட்கள் முகம் இருந்தால் மறைத்த பிறகே ஏற்றுகிறோம்.

பதிந்துவிட்டேன். இனி வெட்டலாமா?

நிலம் உங்களுடையது, புள்ளி சிவப்பு என்றால் செய்யலாம். ஆனால் சீமைக்கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் மண்ணில் கிடக்கும் விதைகள் மழைக்கு முளைக்கும், உடனே வேறு மரமோ பயிரோ வைக்க வேண்டும். நீர்ப்பறவைகள் கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறக்கும் வரை பொறுங்கள். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அந்த மரத்தையே நம்பியிருக்கும் குடும்பங்களும் இங்கே இருக்கின்றன, அவர்களோடு பேசாமல் ஊர் முழுக்க அழிக்கக் கிளம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பொது நிலம், குளம், ஆறு என்றால் ஊராட்சி, நீர்வளத்துறை அல்லது வனத்துறை வழியாகத்தான். தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஊடுருவித் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வகுத்திருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடலாம். அமலையை அள்ளினால் கரையிலேயே போடாதீர்கள். அடுத்த வெள்ளம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

நிரல் எழுதத் தெரியும். எப்படி உதவலாம்?

வாருங்கள். உள்ளூர்ப் பெயர்த் தேடல், குரல் வழிப் பதிவு, குளத் தொடர் வரைபடம் மூன்றுக்கும் ஆள் தேவை. தரவை டார்வின் கோர் என்ற பன்னாட்டு வடிவத்தில் வைத்திருக்கிறோம், எங்கள் தளம் ஒரு நாள் நின்றுபோனாலும் பதிவுகள் வேறிடத்தில் வாழ வேண்டும் என்பதற்காக. சின்னச் சின்னப் பிழைகள்தான் பெரிய தொல்லை. நெல்லை சுமார் 8.7 வடக்கு, 77.7 கிழக்கில் இருக்கிறது. இரண்டு எண்களும் இடம் மாறிவிட்டால் பாபநாசத்துச் செடி ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். நம் எல்லைக்கு வெளியே விழும் எண்ணை ஏற்றும்போதே தடுக்கும் சோதனையை எழுதியவர் ஒரு பள்ளி மாணவி.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள்?

அவர்களைத்தான் நாங்கள் அதிகம் தேடுகிறோம். எதையும் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஆடு மேய்ப்பவரோ, தூண்டில் போடுபவரோ, மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சியோதான். சாதாரண போனில் அழைத்துச் சொன்னால் போதும், பக்கத்து ஊர்த் தன்னார்வலர் ஒருவர் நேரில் வந்து படமெடுத்து, பார்த்தவர் பெயரிலேயே பதிவார்.

நாங்குநேரிப் பக்கம் சீமைக்கருவேலம் பரவிய விதத்தை வரைபடத்தில் பார்த்து, கால்வாய் வழியாக வந்தது என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தோம். அங்கே கிடை போட வந்த பெரியவர் ஒருவரிடம் அச்சடித்த வரைபடத்தைக் காட்டினோம். அவர் விரலை வைத்து ஊர் ஊராக நகர்த்திக்கொண்டே போனார். இது தண்ணி போன தடம் இல்ல தம்பி, எங்க ஆடு போன தடம், என்றார். ஆடு தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கும் என்பதைப் படித்திருந்தோம். ஆனால் எந்த நிலத்தில், எந்த மாதத்தில், எந்த வரிசையில் கிடை நகரும் என்று எங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். இப்போது பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது: ‘இந்த நிலத்தில் கடைசியாகக் கிடை போட்டது எப்போது?’